கொழுந்துக் கம்பிக்காரர் கேபிள் காரில் போனார்

என் மாமனார் செல்லசாமிக்கு இயற்கைக் காட்சி பார்க்கிற ஆசையெல்லாம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கேபிள் காரில் போக ஆசைப்படுகிறார் என்று கேள்விப்பட்டதும், "வயசான காலத்துல கெழவனுக்கு வந்த ஷோக்கப் பாரு" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள். மலையில் பிறந்து, மலையிலேயே ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துபோன மனுஷன், காசு கொடுத்து இன்னொரு மலையைப் பார்க்கப் போவானா? வெள்ளைக்காரன் போவான், கொழும்புக்காரன் போவான். மாமா போக நினைத்ததற்குக் காரணம் வேறு.

நான் ஜோர்ஜ். மஸ்கெலியா டவுனில் ஆட்டோ ஓட்டுகிறேன். செல்லசாமியின் ஒரே மகள் வினோதாவைக் கட்டியவன். நான் வேதக்காரன், அவர்கள் இந்துக்கள். அதற்காக இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒரு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. மாமா மட்டும் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெண் கேட்டுப் போன அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாப்புள, அவசரம்னா ஒங்க ஆட்டோ லயத்து வாசல் வரைக்கும் ஏறுமா?" ஏறும் என்றேன். "மழையில?" மழையிலும் ஏறும் என்றேன். அத்தோடு கல்யாணம் முடிவாகிவிட்டது.

மாமா இளவயதில் எங்கள் தோட்டத்து மேல் டிவிசனில் கொழுந்துக் கம்பி வேலை பார்த்தவர். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. மேலே பறிக்கிற தேயிலைக் கொழுந்தை ரோட்டு வழியாகக் கீழே பெக்டரிக்கு அனுப்பினால் லொறி மலையைச் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். அதனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே, மேலிருந்து பெக்டரி வாசல்வரை பள்ளத்துக்கு மேலாக இரண்டு தடித்த கம்பிகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு மரத்தட்டு தொங்கும். மூட்டை ஏற்றிய தட்டு தன் கனத்தில் கீழே இறங்க, மற்றக் கம்பியில் காலித் தட்டு மேலே ஏறி வரும். மேலே தகரக் கொட்டகைக்குள் பிரேக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் மாமாவின் வேலை. இறுக்கினால் நிற்கும், தளர்த்தினால் ஓடும். பனி மூடிக் கீழே ஒன்றும் தெரியாத நாளிலும் ஒரு மூட்டையைக்கூட அவர் பள்ளத்தில் விட்டதில்லை என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மற்றவர்கள் மண்வெட்டியும் கையுமாக மலைக்கு ஏற, மாமா கையை வீசிக்கொண்டு கொட்டகைக்குப் போவாராம். அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்திருக்கிறது.

கம்பியில் கொழுந்துதான் போகலாம், ஆள் போகக்கூடாது. இது தோட்டத்துச் சட்டம். மாமாவுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் தன் மச்சானை விளையாட்டுக்கு ஏற்றி அனுப்பி, அது தொரையின் கண்ணில் பட்டு, அன்றைக்கே அவர் பேரை வெட்டிவிட்டார்கள். தோட்டத்தில் பேரை வெட்டினால் சம்பளம் மட்டும் போகாது, லயக் காம்பராவும் போய்விடும். குடியிருக்கிற காம்பரா நம்முடையது இல்லை, வேலையோடு சேர்த்துத் தந்தது. அந்த மனுஷனின் சட்டி பானையெல்லாம் மழையில் வாசலில் கிடந்ததை மாமா பார்த்திருக்கிறார். அவர் விட்டுப்போன இடத்துக்குத்தான் மாமாவைப் போட்டார்கள்.

மாமாவின் மனைவி மீனம்மாவை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மெலிந்த பெண். கேமராவைப் பார்த்து முறைக்கிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாத முகம். வினோதாவுக்கும் அதே முகம்தான். அவருக்கு முதல் பிரசவம். ஆனி மாதத்து அடைமழை. காலையில் வலி எடுத்து, கூடவே இரத்தமும் படத் தொடங்கியது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள் என்று சொல்லிவிட்டார். ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் லொறியால் மேலே வர முடியவில்லை. கீழே பெக்டரி வாசலில் லொறி நிற்கிறது, மேலே லயத்தில் பொம்பளை துடிக்கிறாள், நடுவில் பள்ளம். கம்பியில் இறக்கியிருந்தால் ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம்தான்.

ஆனால் கம்பளியில் கம்பு கோத்துத் தூளி கட்டி, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். மாமாவும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். வழுக்கி விழுந்து, எழும்பி, மறுபடி வழுக்கி, பாதி வழியில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இறக்கி வைத்தபோது வினோதா பிறந்தாள். பெக்டரி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தது. மீனம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை இதுதான்: மாமா அன்றைக்குக் கண்டாக்கு ஐயாவிடம் ஓடிப்போய், கம்பியில் ஏற்ற விடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர் அவர்தான். அந்த ஆள், சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டார். பிறகு அவர் மாற்றலாகிப் போய், எங்கேயோ செத்தும் போனார். ஆனாலும் அவர் பேச்சை எடுத்தால் எங்கள் லயத்துப் பெண்கள் இன்றைக்கும் மண்ணை வாரித் தூற்றுவார்கள். வினோதா தாய்ப்பாலுக்குப் பதில் அந்த ஏச்சைக் குடித்து வளர்ந்தவள்.

கம்பியில் இறக்கியிருந்தால் மீனம்மா பிழைத்திருப்பாரா என்று ஒரு வாதம் எப்போதும் நடக்கும். தலை தப்பியிருக்கும் என்பார்கள் சிலர். அந்தத் தட்டு ஆடுகிற ஆட்டத்தில் தாயும் பிள்ளையும் பள்ளத்தில் கிடந்திருப்பார்கள் என்பார்கள் மற்றவர்கள். கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் இந்த வாதம் வரும். வந்தால் மாமா எழும்பி வெளியே போய்விடுவார்.

அதன் பிறகு அவர் இரண்டாம் கல்யாணம் கட்டவில்லை. பிள்ளையைப் பகலில் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்குப் போய் வளர்த்தார். இப்போது வினோதா அதே பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். கொழுந்துக் கம்பியையும் பிறகு கழற்றி இரும்புக்கு விற்றுவிட்டார்கள். மாமாவை மருந்தடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் அவரிடம் ஒட்டிக்கொண்டது. லயத்தில் எவளாவது முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், "எப்ப நாள் குடுத்திருக்காங்க, முன்னாடியே டவுனுக்குப் போயிரு புள்ள" என்று வாசலில் போய் நிற்பார். போக மாட்டேன் என்கிறவளுக்கு என் ஆட்டோவை அனுப்பி, கூலியைத் தன் கையால் கொடுப்பார். பெண்கள் அவருக்குப் 'பிரசவக் கங்காணி' என்று பட்டம் வைத்திருந்தார்கள். நானும் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

கேபிள் கார் கதை என் போனில் தொடங்கியது. கினிகத்தேனையைத் தாண்டி, கண்டிப் பக்கத்து மலையொன்றில் புதிதாகக் கேபிள் கார் விட்டிருந்தார்கள். மலையின் பெயர் வேண்டாம். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்லதாக ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பெட்டிகள் கம்பியில் மிதந்து போகிற படத்தை யாரோ அனுப்பியிருந்தார்கள். மாமாவிடம் காட்டினேன். போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"மாப்புள, அதுக்குள்ள படுக்க எடம் இருக்கா?"

"படுக்கவா? உக்காந்துதான் மாமா போவாங்க."

"ரொம்ப ஆடுதா? நிக்கிற நேரம் தூக்கிப் போடுதா?" பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார். "நான் ஒரு தடவ இதுல போகணும்."

எனக்கு அப்போது புரியவில்லை. வினோதாவுக்கு உடனே புரிந்துவிட்டது. மறுநாள் காலையில் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா இத்தன வருஷமா மனசுக்குள்ள ஒரே கேள்வியத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு. கம்பியில போட்டிருந்தா பொழச்சிருப்பாளான்னு. அந்தப் பெட்டியில அவரு ஏறணும். அது நல்லா ஆடணும். கொடலப் பெரட்டி, 'ஆத்தாடி, இதுல புள்ளத்தாச்சி எங்க போறது'ன்னு அவரு வாயால சொல்லணும். அதுக்கப்புறம் அந்த மனுசன் நிம்மதியா தூங்குவாரு."

"ஆடலன்னா?"

"ஆடும். ஆடி மாசத்துல போவோம். காத்து நல்லா அடிக்கும்."

ஊர் உலகத்தில் சுற்றுலா போகிறவர்கள் நல்ல வெயில் பார்த்துப் போவார்கள். காற்றடிக்கிற நாளைத் தேடிப் போனது எங்கள் ஒரு குடும்பமாகத்தான் இருக்கும்.

கணக்குப் போடுவதில் வினோதாவை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு டிக்கெட்டின் விலை, மலையில் கொழுந்து பறிக்கிறவளின் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. மூன்று டிக்கெட், போகவும் வரவும் பெட்ரோல், ஆட்டோ நிறுத்த ஒரு கட்டணம், மலையடிவாரத்துக்குள் நுழைய இன்னொரு கட்டணம். சாப்பாடு வெளியில் வாங்கக்கூடாது என்று உத்தரவு. ரொட்டியும் கட்டைச் சம்பலும் போத்தலில் தேத்தண்ணீரும் வீட்டிலிருந்தே வரும். அவள் ஒரு நாள் வேலைக்குப் போகாததும் நான் ஒரு நாள் ஹயர் ஓடாததும் கணக்கில் சேர்ந்தன. எங்கள் மகள் பக்கத்து வீட்டில் இருப்பாள். நீங்கள் இரண்டு பேரும் கீழே நில்லுங்கள், நான் ஒருத்தன் போய் வருகிறேன், இரண்டு டிக்கெட் மிச்சம் என்று மாமா சொன்னார். "நீங்க பயந்து எறங்குறத நான் பக்கத்துல இருந்து பாக்கணும்" என்று வினோதா வாய்க்குள் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது. அவளுடைய சீட்டுக்காசு விழும்வரை காத்திருந்தோம்.

ஆடியில் போனோம். காற்று என்றால் அப்படிக் காற்று. அட்டன் ரோட்டிலேயே ஆட்டோவின் படங்குத் துணி பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. வினோதா பின்சீட்டில் சந்தோஷமாக இருந்தாள். போய்ச் சேர்ந்தால் கேட் பூட்டியிருந்தது. "ஹுலங் வெடி, அத வஹலா" என்றான் காவல்காரன். காற்று அதிகமாம், அதனால் அன்றைக்கு மூடிவிட்டார்களாம். காற்றடித்தால் கேபிள் காரை நிறுத்துவார்கள் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தில் காற்றுக்காக எதையும் நிறுத்தி நாங்கள் பார்த்ததில்லை.

மேலே காலிப் பெட்டிகள் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன. மாமா கழுத்தை வளைத்து அவற்றையே பார்த்தார். "இந்தக் காத்துக்கே நிறுத்திட்டான் பாத்தியா," என்றார். "நாங்க இதவிடக் காத்துலயும் விட்டுருக்கோம்." அதில் பெருமைதான் இருந்தது. சொன்ன பிறகு அவர் முகம் சுருங்கிப் போனது. வரும் வழியில் ரொட்டியைப் பிரிக்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.

திரும்ப முதலிலிருந்து கணக்கு. நத்தார் பண்டிகைக்கு எனக்குப் புதுச் சட்டை இல்லை என்று ஆனது. பொங்கலுக்கு அவள் சேலை எடுக்கவில்லை. மாமா வெற்றிலையைக் குறைத்தார். விட்டுவிடலாம் என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "போன காசுக்கு மொகம் குடுத்து என்னங்க பதில் சொல்றது?" என்றாள். காசுக்கு முகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ரொட்டிக் கட்டை பறந்து வரும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் இரண்டாவது தடவை போனோம். வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது, ஒரு இலை அசையவில்லை. வினோதாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. டிக்கெட் ஜன்னலில் காசை எண்ணி வைத்து மூன்று டிக்கெட்டையும் வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் பெரிய அறிவிப்புப் பலகை. மேலே மூன்று மொழியிலும் நல்வரவு. அதற்குக் கீழே சட்டதிட்டங்கள், சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மட்டும். தமிழனுக்கு நல்வரவு போதும் என்று நினைத்துவிட்டார்கள். மாமா சிங்களம் நன்றாகப் பேசுவார், எழுத்துத் தெரியாது. வினோதா வாசிப்பாள், நானும் வாசிப்பேன்.

"என்னா புள்ள போட்டிருக்கு?" என்று மாமா கேட்டார்.

வினோதா பலகையைப் பார்த்தாள். "குடிச்சிட்டு ஏறக்கூடாதாம். நெஞ்சு வருத்தக்காரங்க டொக்டர்கிட்ட கேட்டுட்டு வரணுமாம்." அதுவரை சரி. பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். "கர்ப்பிணிப் பொம்பளைங்கள ஏத்த மாட்டாங்களாம்."

அப்படி ஒரு வரி அந்தப் பலகையில் இல்லை. நான் அவளைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்தாள்.

"நெசமாவா?" என்றார் மாமா. "எங்க போட்டிருக்கு?"

வினோதா ஒரு வரியில் விரலை வைத்தாள். உள்ளே சாப்பாடு கொண்டுபோகக்கூடாது என்கிற வரி அது. மாமா அந்த எழுத்துகளின் மேல் தன் விரலை வைத்து மெதுவாகத் தடவினார். "இந்தக் காலத்துலயே ஏத்த மாட்டாங்களா," என்றார். "கதவு இருக்கு, சீட்டு இருக்கு, இதுலயே ஏத்த மாட்டாங்களா." அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. பொய் சொன்னதற்காக என் பெண்டாட்டியை அன்றைக்கு நான் கும்பிட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு மாமா வேறு ஆளாக இருந்தார். மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு ரொட்டி சாப்பிட்டார். சம்பலில் உப்புக் கூடிவிட்டது என்று மகளைக் கேலி பண்ணினார். மீனம்மா ஒரு தடவை கோபித்துக்கொண்டு கொட்டகலையில் அக்காள் வீட்டுக்குப் போனதையும், இவர் கூப்பிடப் போய் அங்கே கறி சாப்பிட்டுவிட்டு, வந்த விஷயத்தையே மறந்து திரும்பியதையும் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெயரைச் சொல்லி அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"போதும் மாப்புள. வந்த வேல முடிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போவோம்."

போயிருக்கலாம். ஆட்டோ அங்கேதான் நின்றது. ஆனால் வினோதாவின் கைப்பையில் மூன்று டிக்கெட் இருந்தது. இரண்டு தடவை சேர்த்த காசு, உடுக்காத சேலை, மெல்லாத வெற்றிலை எல்லாம் அதில் இருந்தது. டிக்கெட்டைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். "காசு கட்டியாச்சுப்பா," என்றாள். "சும்மா தூக்கிப் போட நம்ம என்ன தொரை வீடா? ஒரு சுத்து போயிட்டு வருவோம்." நானும் ஆமாம் என்றேன். வாழ்நாளில் ஒரு ரூபாயைக்கூட வீணாக்கிப் பழகாத கை எங்களுடையது.

ஏறுகிற இடத்தில் வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு சிங்களப் பெண் நின்றாள், பக்கத்தில் புருஷன். நிறைமாத வயிறு. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையில் அம்பரலங்காய் அச்சாறு வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் அவளைக் கவனிப்பதற்குள் மாமா கவனித்துவிட்டார். பிரசவக் கங்காணி அல்லவா.

"துவ, யன்ன எபா," என்று அவள் வழியை மறித்தார். மகளே, போகாதே என்கிறார். "ஏத்த மாட்டாங்கன்னு பலகையில போட்டிருக்கு, புள்ளைக்கு ஆகாது" என்று சிங்களத்தில் படபடவென்று சொன்னார். அவள் பயந்து புருஷன் பின்னால் ஒதுங்கினாள். புருஷன், உனக்கென்ன பைத்தியமா என்று சீறினான். வினோதா மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கப்பா, அவுங்க இஷ்டம்." மாமா விடவில்லை. ஆட்களை ஏற்றிவிடுகிற பையன் கழுத்தில் டை ஆட ஓடிவந்தான். அவனிடமே மாமா கேட்டார், இவளை ஏற்றலாமா என்று.

"ப்ரஷ்னயக் நே அங்கிள்," என்று அவன் சிரித்தான். ஒரு பிரச்சினையும் இல்லையாம், யாரும் ஏறலாமாம். அவனுடைய மனைவியே பிள்ளை பெறுவதற்கு முந்தின வாரம் வந்து போனாளாம். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியோடு ஏற்றுவார்களாம், தொட்டிலில் போகிற மாதிரி இருக்குமாம். மாமா அவனைப் பார்த்தார். திரும்பி வினோதாவைப் பார்த்தார். பெட்டி வந்து நின்றதும் ஏறி உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணும் புருஷனும் எங்கள் பெட்டியிலேயே எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தார்கள். கதவு மூடியது. பெட்டி கிளம்பியதே தெரியவில்லை. கீழே மரங்களும் ஓடையும் வீட்டுக் கூரைகளும் போயின. நாலு பக்கமும் மலை. மாமா ஒன்றையும் பார்க்கவில்லை. முழு நேரமும் அந்தப் பெண்ணின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தூணைத் தாண்டும்போது பெட்டி லேசாக ஒரு குலுக்குக் குலுக்கியது. மாமாவின் வலது கை தன்னால் மூடி இறுகியது. அந்தப் பெண் அச்சாற்றுக் கிண்ணத்தைக்கூட இன்னொரு கைக்கு மாற்றவில்லை.

வினோதாவால் பொறுக்க முடியவில்லை. பொய் பலிக்காத ஆத்திரம் முழுவதும் வேறு பக்கம் திரும்பியது. "எல்லாம் அந்தக் கண்டாக்கு நாசமாப் போனவனால. ஒரு வார்த்த சரின்னு சொல்லியிருந்தா எங்கம்மா இருந்திருப்பா. அவன் வம்சமே வெளங்காது. அவன் செத்த எடத்துல புல்லு மொளைக்காது."

"அவர ஏசாத புள்ள," என்றார் மாமா. "அந்த மனுசன்கிட்ட நான் கேக்கவே இல்ல."

அந்தத் தம்பதிக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண் முன்பு பயந்ததை மறந்து வினோதாவிடம் அச்சாற்றுக் கிண்ணத்தை நீட்டினாள், எடுத்துக்கொள்ளச் சொல்லி.

"அவரு அன்னைக்கு தோட்டத்துலயே இல்ல. அட்டனுக்குப் போயிருந்தாரு. எழவு வீட்டுல எல்லாரும் ஏன் கம்பியில எறக்கலன்னு கேட்டாங்க. கண்டாக்கு விடலன்னு சொல்லிட்டேன். அப்படியே நெலச்சுப்போச்சு."

"கொட்டகை பூட்டியிருந்துச்சா?" என்று வினோதா கேட்டாள். அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"சாவி எம் மடியிலதான் இருந்துச்சு. மூணு மூட்டை ஏத்துற தட்டு அது. ஒங்கம்மா ஒரு மூட்டைக் கனம்கூட வரமாட்டா." மாமா அந்தப் பெண்ணின் வயிற்றை மறுபடி பார்த்தார். "ஒங்கம்மாதான் கேட்டா. 'என்னையத் தட்டுல வச்சு எறக்கிவிடுங்க, பிரேக்க நீங்க புடிச்சா எனக்குப் பயமில்ல'ன்னா. அது கொழுந்துக்குள்ளது, ஆள ஏத்தக்கூடாதுன்னுட்டேன். பேர வெட்டிருவாங்க, காம்பரா போயிரும், பச்சப் புள்ளயோட எங்க போறதுன்னு நெனச்சேன். தூளியிலயே கொண்டுபோயிரலாம்னு நெனச்சேன். எப்படியும் கம்பியில அவ பொழச்சிருக்க மாட்டான்னு யாராச்சும் ஒருத்தன் எனக்குச் சொல்லிட்டா போதும்னு இத்தன வருசம் இருந்தேன்."

"எத்தன தடவ கேட்டாங்க?" என்றாள் வினோதா.

"ஒரு தடவதான்," என்றார் மாமா. "இன்னொரு தடவ கேட்டிருந்தா ஏத்தியிருப்பேன்."

பெட்டி மேலே போய் நின்றது. கதவு திறந்தது. அந்தப் பெண் இறங்கும்போது மாமா எழுந்து அவள் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அவளும் "ஸ்தூதி" என்று நன்றி சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். வினோதா எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மேலே காட்சி பார்க்கிற இடத்தையெல்லாம் தாண்டி, மலையிலிருந்து இறங்குகிற ரோட்டைப் பிடித்தாள். நான் பின்னால் ஓடி, ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது, பெட்டியில் போகலாம் என்றேன். "நான் நடந்துக்கிறேன்" என்றாள். காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. மாமாவும் நானும் காலி இடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியில் இறங்கினோம். கீழே ஆட்டோவில் வெகு நேரம் அவளுக்காகக் காத்திருந்தோம்.

கொன்றுவிட்டாயே என்று அவள் கத்தியிருந்தால் நான் சமாதானம் பண்ணியிருப்பேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால் தண்ணீர் கொடுத்திருப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. லயத்தில் யாரிடமும் அவள் சொல்லவும் இல்லை; கண்டாக்குக்கு விழுகிற ஏச்சு இன்றைக்கும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அவள் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழும்பி வெளியே போய்விடுகிறாள். எனக்கு மாமாவின் மேல் கோபம் வருகிறது. சட்டி பானையோடு மழையில் நிற்கப் பயந்த ஒரு இளவயது ஆளை நினைத்தால் அந்தக் கோபம் தங்காமல் போய்விடுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வினோதா அவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு வைக்கிறாள். பிரஷர் குளிசையை எடுத்துக் கொடுக்கிறாள். வேட்டியைத் துவைத்து மடித்து வைக்கிறாள். ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் 'அப்பா' என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. நேற்றும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "சாப்பாடு ஆறுது, அவர சாப்பிடச் சொல்லுங்க."

மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் இன்னொரு கரண்டி சோறு போட வந்தபோது, அவரும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "போதும்னு சொல்லுங்க மாப்புள."